அண்ணன் போட்ட கையொப்பம்

சித்தப்பா பொறுப்பாக நேற்றே நாவரசு அண்ணனின் இறப்பைப் பதிவு செய்துவிட்டார். பதிவானதும் இறந்தவரின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. அதனால் அம்மாவின் இன்சுலின் அளவைக் கணக்கிட்டு ஊசிக் கருவிக்கு அனுப்பும் அண்ணன் எழுதிய மேக்ரோ என்ற குட்டி நிரல் இன்று ஓட மறுத்தது. கையொப்பம் இல்லாத எதையும் கருவி ஏற்காது.

நான் படிக்கும் மாலைக் கணினி வகுப்புக்கு ஓடினேன். "நீயே கையொப்பம் போடும்மா, ஒரு நிமிஷ வேலை" என்றார் சார். ஆனால் கையொப்பமிடுபவர்தான் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு. மறுபடி மறுபடி படித்தேன். பிழை தெரியவில்லை. எனக்குத் தெரியாத பிழை இருந்தால்? பயந்துகொண்டே கையொப்பமிட்டேன்.

வீட்டில் கருவியின் திரை என் பெயரைச் சொல்லி, 'இளநகையை நம்புகிறீர்களா?' என்று கேட்டது. அம்மாதான் விரல் வைக்க வேண்டும்.

"அவன் பேரு எங்கடி?"

"இனிமே வராதும்மா."

"அதையும் எடுத்துட்டியா?"

அண்ணனை எரித்த அன்றுகூட அழாத அம்மா, விரல்களை மடக்கிக்கொண்டு அழுதாள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. நான்தான் அவள் விரலைப் பிரித்துத் திரையில் அழுத்தினேன்.

அம்மா என்னை நம்புவதாகப் பதிவாகிவிட்டது.