ஆன்சியும் ஆனைத்திருக்கையும்

ஜெரால்டின் தலைக்கு மேலே அது வந்தது. கன்னங்கரேலென்று, இரண்டு பக்கமும் இறக்கையை விரித்து, வெயிலை மறைத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தது.

வாயில் கவ்வியிருந்த ரப்பர் குழாயை இன்னும் இறுக்கிக் கடித்தார். 'ஆனைத்திருக்கை கடிக்காது, கொட்டாது, ஒன்றும் செய்யாது' என்று மனசுக்குள் ஜெபம் போலச் சொன்னார். உச்சந்தலையை உரசுகிற மாதிரி வந்து, அது அவரைத் தாண்டிப் போயேவிட்டது. இந்தத் தடவை அவர் கண்ணை மூடவே இல்லை!

சந்தோஷம் தாங்காமல் கட்டைவிரலை உயர்த்தினார். மதுரையில் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தம். தண்ணீருக்கு அடியில் 'என்னை மேலே கொண்டு போ' என்று அர்த்தம். ஆனைத்திருக்கைக்குப் பதிலாக இழுத்துக்கொண்டிருந்த கறுப்புத் தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டு, முத்துக்குமரன் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

நாகமலை புதுக்கோட்டையில் முத்துக்குமரன் வீட்டுத் தோட்டத்துக் கிணறு அது. ஜெரால்டிடம் கணக்குப் படித்தவன், இப்போது அந்தமானில் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிறான். லீவில் வந்தவனை ஜெரால்ட் விடாமல் பிடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினாலே பாலம் ஏறிப் போகிறவர். முதல் நாள் கிணற்றுப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். முகமூடி மூக்கையும் சேர்த்து மூடியதில்தான் ஒரு நிம்மதி. கிணறு நிறையக் கெண்டை. மீன் வாடை அவருக்கு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டு அடுப்பில் மீன் சட்டி ஏறியதில்லை.

எல்லாம் மனைவி ஆன்சிக்காக. தூத்துக்குடிக்காரி, மதுரை விளாங்குடிக்கு வாழ வந்தவள், இதுவரை வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. ஒருநாள் சாயங்காலம் அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தது ஜெரால்டின் காதில் விழுந்தது.

"யக்கா, நல்ல பெரிய திருக்கையக் கண்ணால பாத்து எத்தன வருசமாச்சு! இந்த வீட்டுல இருக்க வரைக்கும் எனக்கு அந்தக் கொடுப்பின இல்ல. நெனச்சாலே என்னமோ செய்யிது."

சொல்லிவிட்டு எதையோ விழுங்கினாள். அழுகையைத்தான் விழுங்குகிறாள் என்று ஜெரால்ட் முடிவே கட்டிவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகப் போனில் தேடினார். உலகத்திலேயே பெரிய திருக்கை மீன் ஆனைத்திருக்கை. அதன் கூடவே நீந்திப் பார்க்க வேண்டுமானால் மாலத்தீவு.

தலை தண்ணீருக்கு வெளியே வந்ததும் ஜெரால்ட் முகமூடியைக் கழற்றினார். கிணற்றைச் சுற்றி ஒரே தலையாக இருந்தது.

"ஆத்தீ! வாத்தியாரு உசுரோடதான் இருக்காரு!" என்று கத்தினாள் ஆடு மேய்க்க வந்த தங்கப்பொண்ணு. கிணற்று மேட்டில் செருப்பும் கண்ணாடியும் அநாதையாகக் கிடக்க, பக்கத்தில் போன் மட்டும் விடாமல் அடித்ததைப் பார்த்தவள் அவள்தான். எடுத்து, "செருப்பு இருக்கு, ஆளக் காணோம்" என்று ஆன்சியிடம் சொல்லிவிட்டாள்.

தலைவிரிகோலமாக ஆட்டோவில் வந்திறங்கிய ஆன்சி, செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"மாதாவே! ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு எதுக்குங்க இங்க வந்தீங்க? நான் என்ன குறை வச்சேன்?"

காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்போடு ஜெரால்ட் வாத்து மாதிரிப் படியேறினார். முத்துக்குமரன் பின்னாலிருந்து தள்ளினான்.

"இதென்னய்யா, கேஸ் சிலிண்டர முதுகுல கட்டிக்கிட்டா இறங்குனாரு?" என்றாள் தங்கப்பொண்ணு.

"அது காத்து, அத்தை. மூச்சு விடுறதுக்கு" என்றான் முத்துக்குமரன். "சார் டைவிங் பழகுறாரு. நாந்தான் சொல்லிக்குடுக்கேன்."

"டைவிங்கா? இவரா?" ஆன்சிக்கு நம்பிக்கை வரவில்லை.

ஜெரால்ட் மூச்சு வாங்கினார். இனி மறைத்துப் பயனில்லை.

"உனக்காகத்தான், ஆன்சி. நம்ம கல்யாண நாளுக்கு மாலத்தீவு போறோம். டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு பேரும் கடலுக்கு அடியில இறங்கி, பெரிய பெரிய திருக்கையா பாக்கப் போறோம்."

"திருக்கையா?"

"நீ அக்காகிட்ட பேசினத நான் கேட்டுட்டேன். இம்புட்டு ஆசைய மனசுல வச்சுக்கிட்டு, ஏன் ஆன்சி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

தங்கப்பொண்ணு மூக்கைச் சிந்தினாள். "ஆம்பளன்னா இவருல்ல ஆம்பள! எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, காதுக்குள்ள கத்துனாலும் ஏன்னு கேக்காது."

ஆன்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட, முதுகில் சிலிண்டரோடு, குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார் அவர். கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி அவர் காதோரம் குனிந்தாள்.

"ஏங்க... நான் ஆசப்பட்டது திருக்கைக் குழம்புக்குங்க."