குளத்துச் சேதி

குளத்தில் தண்ணீர் குடித்த ஆடு ஒன்று செத்துப்போனது. வேலமரத்துக் காகம் அதைக் காலையில் கத்தியது, மத்தியானம் கத்தியது, மறுநாளும் கத்தியது. அது கத்தும்போதெல்லாம் இன்னொரு ஆடு செத்துவிட்டதாகவே மற்ற ஆடுகள் நினைத்தன. குளத்துப் பக்கமே ஒன்றும் போகவில்லை.

கொளுத்தும் வெயிலில் செவலை ஆட்டின் குட்டி நாக்கு வறண்டு சாய்ந்துவிட்டது. தவித்துப்போன தாய், காகம் மரத்திலிருந்து இறங்கிக் குளத்தில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தது.

“காக்காண்ணே, நீங்களே குடிக்கிறீங்களே!”

“கத்திக் கத்தித் தொண்டை காஞ்சுபோச்சு தாயி. தினமும் இங்கதான் குடிக்கிறேன்.”

“அப்ப செத்ததெல்லாம்?”

“செத்தது ஒண்ணுதான். குடிச்சிட்டுக் கரையேறும்போது வழுக்கி விழுந்துச்சு.”

“அதைச் சொல்லலையே நீங்க!”

“குடிச்சுது, செத்துச்சுன்னு சொன்னேன். ரெண்டும் நெசந்தானே?”

செவலைக்குக் கோபம் கொம்பு வரைக்கும் வந்தது. ஆனால் குட்டி கிடக்கிறதே. தலையால் உந்தி உந்தி அதைக் குளத்துக்குக் கொண்டுபோனது. வயிறு நிறையக் குடித்த குட்டி, கொஞ்ச நேரத்தில் எழுந்து துள்ளியது.

தாயின் கண் கலங்கிவிட்டது. “நீங்க குடிச்சதைப் பாத்ததாலதான் என் பிள்ளை பிழைச்சுது. இதையும் கத்துங்கண்ணே.”

காகம் மரமேறிக் கத்தியது. “செவலைக் குட்டி குளத்துல குடிச்சுது! நல்லாயிருக்கு!”

மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஆடுகூடத் தலை தூக்கவில்லை.

“பாத்தியா தாயி, யாரு கேக்குறா?”

செவலை குட்டியோடு மரத்தடியில் படுத்துக்கொண்டது.

“நான் கேக்குறேண்ணே. இன்னொரு தடவை சொல்லுங்க.”