மச்சக் கல்

பிளாஸ்டிக் தாளின் ஓரத்து டேப்பைக் குணா மெல்ல உரித்தான். நேற்று அப்பிவிட்டுப் போன வெள்ளை மாவு அடியில் நன்றாகக் காய்ந்திருந்தது.

மார்பிளில் ஊறிய கறைக்கு இதுதான் வைத்தியம். ஒரு நாள் மூடி வைத்தால் கறை கல்லை விட்டு மாவுக்கு ஏறிவிடும். ஆசிட் ஊற்றித் தேய்க்கிறவர்கள் கல்லைத்தான் பாழாக்குவார்கள்.

வீட்டுக்காரர் தாமோதரன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி வெங்கடலட்சுமி சித்தூரிலிருந்து திரும்புவதற்குள் வேலை முடிய வேண்டும்.

அவள் அதைக் கறை என்றே சொல்ல மாட்டாளாம். மச்சம் என்பாளாம்.

திருப்பதியில் இந்த வீட்டைக் கட்டியபோது, அந்தப் பழுப்புப் புள்ளிக்காகவே கடைக்காரன் விற்காமல் ஒதுக்கி வைத்திருந்த மார்பிள் பலகைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த மகள் அக்ஷயாவுக்கு இடது கன்னத்தில் அதே போல ஒரு மச்சம். இத்தனை வருஷம் கழித்து அடையாளம் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

பலகையைக் கூடத்தின் நடுவில் பதித்தார்கள். தினமும் அந்தப் புள்ளிக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள், சோறு தண்ணி மறந்தாள். பிள்ளைதான் போயிற்று, பெண்டாட்டியாவது மிஞ்சட்டும் என்றுதான் தாமோதரன் குணாவைக் கூப்பிட்டார். பாவம், அதில் தப்பு என்ன?

சித்தூரில் ஒரு விடுதியில், கன்னடம் மட்டுமே பேசும் பெண் ஒருத்தி, கன்னத்தில் மச்சத்தோடு இருக்கிறாள் என்று போலீஸ் கூப்பிட்டிருந்தது. இப்படிக் கூப்பிட்ட இடமெல்லாம் போய் ஏமாந்தவர் அவர். இந்த முறை மனைவியை மட்டும் அனுப்பினார்.

குணா மாவைச் சுரண்டி எடுத்தான். புள்ளி போன இடம் தெரியவில்லை. துடைக்கப் போனவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். தரையெல்லாம் சில்லென்று இருக்க, அந்த இடம் மட்டும் காய்ச்சல்காரன் உடம்பாகச் சுட்டது.

சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. தாமோதரனுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வெங்கடலட்சுமி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏங்க, நம்ம அக்ஷயாதான் இங்க கீறா. மூக்கு, நெத்தி, நடை எல்லாம் அவதான். கன்னத்து மச்சம் மட்டும் காணோம்."

தாமோதரன் போனை வாய்க்கு அருகில் தூக்கினார்.

"மச்சமே இல்லாதவ எப்படி நம்ம கொயந்த ஆவா? பொறப்பட்டு வா."

அவளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று, "நைனா" என்றது.

குணா நிமிர்ந்து போனைப் பார்த்தான். கன்னடக்காரர்கள் அப்பாவை நைனா என்று கூப்பிடுவதில்லை; அது இந்தப் பக்கத்துப் பேச்சு.

தாமோதரன் அதற்குள் போனை வைத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறை சுத்தமாகப் போய்விட்டது என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்.