வில்பிரட் சார் போட்ட தடை

வில்பிரட் சாரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வருஷம் இரண்டு வருஷமில்லை, முழுசாகப் பன்னிரண்டு வருஷம்.

குரோம்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர். சீசன் டிக்கெட்டுக்காக மாதம் ஒருமுறை அவர் முகத்தில் விழித்தே ஆகவேண்டும். பணத்தை அவர் கையில் தரமாட்டேன், பலகையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். மனுஷன் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்.

அவர் மனைவி ஞானசௌந்தரி அக்காவும் நானும் தாம்பரத்தில் ஒரே கல்லூரி, ஒரே விலங்கியல் துறை. அக்கா லெக்சரர். நானும் பட்டுவும் புதிதாகச் சேர்ந்த டெமான்ஸ்ட்ரேட்டர்கள். கடல் உயிர்கள் பற்றி ஆராய்ச்சி செய்ய இரண்டு பேரும் அப்போதுதான் பதிவு செய்திருந்தோம்.

அறுபத்து மூன்றாம் வருஷம். இந்துமாக் கடலை ஆராய நிறைய நாடுகள் சேர்ந்து கப்பல்கள் அனுப்பிய சமயம். அதில் ஒரு வெளிநாட்டுக் கப்பலில் நம் ஊர்க்காரர்களுக்கும் பயிற்சி தருவதாகச் சுற்றறிக்கை வந்தது. இரண்டு மாதம் கடலிலேயே இருக்க வேண்டும். அக்கா அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டார். அவர் போய் வந்தால் பின்னாலேயே நாங்களும் என்று எங்களுக்கு ஒரே கனவு.

அக்காவுக்கு அதற்குள் பாதி உயிர் கப்பலேறிவிட்டது. கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்தார். நடுக்கடலில் குளிருமா குளிராதா என்று எங்கள் யாருக்குமே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை கண்கள் வீங்கி வந்து நின்றார்.

"அவர் வேண்டாங்கறார், சாவித்ரி."

சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

துறையே கொதித்துப் போனது. எங்கள் துறைத் தலைவர் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தார். சர்ச்சில் பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, பெண்சாதியின் திறமையைப் புதைக்கலாமா என்று கேட்டாராம். எல்லாருக்கும் ஒரே பதில், "எனக்கு ஒத்துவராது." சரியான கல்லுளிமங்கன். படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இப்படிப் பூட்டி வைக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. கப்பல் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

அக்காவின் ஏக்கம் மட்டும் போகவில்லை. எப்போதாவது எங்கள் துறைக்குக் கடலிலிருந்து அரித்தெடுத்த பொடி உயிர்கள் ஃபார்மலின் பாட்டிலில் வரும். எந்த இடத்தில் எடுத்தது என்று லேபிளில் இருக்கும். அக்கா அட்லஸை விரித்து அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அங்கே தண்ணீர் என்ன நிறமாக இருக்கும் என்று கேட்பார். நான் என்னத்தைக் கண்டேன்? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மின்சார ரயிலேறி பீச் ஸ்டேஷன் போய், துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துவிட்டு வருவார். வில்பிரட் சாரும் கூடவே போவார், வெட்கமில்லாமல்.

அந்தக் கப்பல் போன அன்றைக்கே நான் முடிவு கட்டினேன். கப்பலேற விடுகிறவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவது. பெண் பார்க்க வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே கேட்டேன். இரண்டு பேர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்த சம்பத், தனக்கு ரசம் வைக்கத் தெரியும், தாராளமாகப் போய் வரலாம் என்றார். கல்யாணம் நடந்தது.

எழுபத்தைந்தில் எனக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் ஆறு மாதக் கடலாராய்ச்சிப் பயிற்சி, அதில் இருபது நாள் கப்பலில். வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்குச் சரியாக முப்பத்தைந்து.

மைசூர்பாகோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'கப்பலில் பெண்களுக்குத் தனி அறை உண்டு' என்ற இடம் வந்ததும் அக்கா திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் என்றார். மூன்றாவது தடவை அழுதே விட்டார்.

"எனக்கு இப்பவும் போகணும்போல இருக்கு, சாவித்ரி. நாற்பத்திநாலு வயசாகுது, ஆசை அடங்க மாட்டேங்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்து ஆத்திரம். எதிரில் உட்கார்ந்திருந்த வில்பிரட் சாரைப் பார்த்து, "உங்களாலதான் சார் எல்லாம்" என்றேன். அவர் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தார். பழுப்பேறிய ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அந்த அறுபத்து மூன்றாம் வருஷக் கப்பல்காரர்களின் கடிதம். இரண்டே வரி. 'எங்கள் கப்பலில் பெண்களை ஏற்றிக்கொள்வதில்லை. வருந்துகிறோம்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு ஏன் அக்கா அவர் மேல் பழியைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"இது வெளியே தெரிஞ்சா, நீயும் பட்டுவும் ஆராய்ச்சியே வேண்டாம்னு விட்டுடுவீங்க. இல்லேன்னா உங்க வீட்டுல விடச் சொல்லிடுவாங்க. என்ன காரணம் சொல்றதுன்னு தெரியாம முழிச்சப்ப அவர்தான் சொன்னார்: 'என் தலையில போட்டுடு, ஞானம். புருஷன் சரியில்லைன்னா அந்தப் பொண்ணுங்க வேற நல்ல மாப்பிள்ளையா பார்த்துக்குவாங்க. கடலே வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னா, வேற கடலுக்கு எங்க போவாங்க?'"