வெளியாள் வரக்கூடாது

"இருக்கறதுலயே பலமான என்கிரிப்ஷனா போடுங்க. வெளியாள் ஒருத்தர்கூட எங்க வைஃபைக்குள்ள வரக்கூடாது" என்றார் மேனேஜர்.

"அப்படின்னா புதுசா வந்திருக்கற டபிள்யூ.பி.ஏ. த்ரீ போட்டுடலாம் சார்" என்றார் நெட்வொர்க் இன்ஜினீயர். "இப்ப இருக்கறது ரொம்பப் பழசு. யார் வேணும்னாலும் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சு நுழைஞ்சிடலாம்."

"அது எங்களுக்கே தெரியும்."

"யார் மேலயாவது சந்தேகமா?"

"சந்தேகமே இல்ல. கீழ்மாடி பல் டாக்டர்தான். அவர் வந்து உட்கார்ந்தா போதும், எங்க முப்பது கம்ப்யூட்டரும் படுத்துடும். கம்பெனி ரகசியமெல்லாம் இந்த வைஃபைலதான் போகுது."

கேட்ட இன்ஜினீயருக்கே கோபம் வந்தது. இருபது எழுத்தில் புதுப் பாஸ்வேர்டு ஒன்றைத் தயார் செய்துகொண்டு, லேப்டாப்போடு எழுந்தார்.

"ரௌட்டர் எங்க சார் இருக்கு?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க. ஒரு மணிக்கு டாக்டர் சாப்பிடப் போவார். அப்ப கீழ போய் மாத்திடலாம்."

"கீழயா?"

"ரௌட்டர் அவர் கிளினிக்லதானே இருக்கு" என்ற மேனேஜர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். மாசாமாசம் இன்டர்நெட் பில்லை மட்டும் ஒழுங்கா கட்டிடறார். அந்த விஷயத்துல தங்கமான மனுஷன்."