வராத நோட்டீஸ்

“ஒயரைப் பிடுங்கிவிட்டது நீதானே?”

என்று கேட்டார் மேனேஜர் ஜானகிராமன். டைப்பிஸ்ட் அஞ்சலாட்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பாவாடை என்கிற அவள் புருஷன் அதே நெசவாலையில் தறி ஓட்டுகிறவன். போதாததற்குச் சங்கத்து ஆள் வேறு. சந்தேகப்பட மேனேஜருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

“நான் எதையும் தொடல சார். நீங்க சொன்னதை அடிச்சேன், பிரின்ட் குடுத்தேன். போயிடுச்சுன்னுதான் மிஷின் சொல்லுது.”

“எங்க போச்சு? உங்க வீட்டுக்கா?”

மூலையில் இருந்த பிரின்டர் சின்னச் சத்தம்கூட இல்லாமல் கிடந்தது.

அவள் அடித்திருந்தது கதவடைப்பு நோட்டீஸ். நாளை மாசிமகம், ஊரே வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி பார்த்துக்கொண்டிருக்கும். இன்று மூன்று மணிச் சங்கு ஊதி ஆட்கள் வெளியேறியதும் கேட்டைப் பூட்டி நோட்டீஸை ஒட்டிவிட வேண்டும். நாளைக்குள் தறிகளைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட வேண்டும். முதலாளி போட்ட திட்டம் இது. முன்கூட்டியே தெரிந்தால் ஆட்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் ஓர் ஆணியைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது.

அதனால்தான் நோட்டீஸை டைப் அடித்ததிலிருந்து அஞ்சலாட்சிக்கு வெளியே போக அனுமதி இல்லை. டெலிபோனுக்கும் பூட்டு. கூப்பிடு தூரத்தில் புருஷன் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. 

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த ஆதிமூலம் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். போன வாரம் எல்லா மிஷின்களிலும் அவற்றை ஓட்டுகிற புரோகிராமான பழைய டாஸை எடுத்துவிட்டுப் புது டாஸ் போட்டுக்கொடுத்தவன் அவன்தான். நோட்டீஸில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. திட்டு வாங்குகிறோம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“பழைய டாஸ்ல ஒழுங்காத்தானேய்யா வந்துச்சு? புதுசை எவன் கேட்டான்?”

“ரெண்டு பிரின்டரையும் எல்லா மிஷினுக்கும் பொதுவாக்கச் சொன்னது நீங்கதான் சார். அதுக்குப் புது டாஸ்தான்...”

“எதுத்துப் பேசாத! கேட்டுப் பக்கத்துல ஹாஜர் போடற டைம் ஆபீஸ்லேருந்து இங்க வரைக்கும் குழி வெட்டி ஒயர் இழுத்தியே, அத்தனையும் தண்டம். உங்க கம்பெனிக்கு எழுதி உன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு.”

ஆதிமூலம் மறுபடி மேஜைக்கு அடியில் புகுந்தான். பிரின்டர் கேபிளைக் கழற்றி மாட்டினான். சுவிட்சை அணைத்துப் போட்டான், ரிப்பனைக்கூட மாற்றிப் பார்த்தான். பிரின்டர் அசைந்து கொடுக்கவில்லை.

டைப்ரைட்டரில் அடித்துவிடலாம்தான். ஆனால் கம்ப்யூட்டர் வந்த ஜோரில் ஆபீசிலிருந்த டைப்ரைட்டர்களை எல்லாம் காயலான் கடைக்கு அனுப்பியவரே ஜானகிராமன்தான். அதை இப்போது யார் அவரிடம் ஞாபகப்படுத்துவது?

“எழுந்திரு! பொம்பள கை பட்டா எல்லாம் இப்படித்தான்.”

அஞ்சலாட்சியைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டு அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். பிரின்ட் கொடுத்தார், வரவில்லை. மறுபடியும் கொடுத்தார். கோபம் ஏற ஏற, கொசு அடிக்கிற மாதிரி கீபோர்டைப் போட்டு அடித்தார்.

“சார், அப்படி அடிச்சிக்கிட்டே இருக்காதீங்க. என்ன கோளாறுன்னு பாத்துட்டு...” என்று ஆதிமூலம் இழுத்தான்.

“ஏன், மிஷினுக்கு வலிக்குதோ? உன் வேலையைப் பாருடா!” என்று சீறிவிட்டு இன்னும் ஓங்கி அடித்தார்.

அப்போது மூன்று மணிச் சங்கு ஊதியது. தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி ஆலையே நிசப்தமானது. பாவாடை இந்நேரம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்துகொண்டிருப்பான். ஒரு தடவை வெளியே போய்விட்டால் அவனுக்கு மறுபடி அந்தக் கேட் திறக்காது. நினைத்ததும் அஞ்சலாட்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சார், ஒரே நிமிஷம். எங்க ஊட்டுக்காரரைப் பாத்துட்டு ஓடியாந்துடறேன்.”

“இந்தக் கதவைத் தாண்டிப் பாரு. உன்னை வேலையை விட்டுத் தூக்கி இதே மிஷின்ல உனக்கும் ஒரு நோட்டீஸ் அடிப்பேன்.”

அவளுக்குள் அதுவரை அடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று அறுந்துபோனது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடிங்க சார். மொதல்ல அது வருதான்னு பாருங்க.”

ஜானகிராமனுக்கு முகம் சிவந்தது. கையை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆதிமூலம் பதறிப்போய் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. கேட் வாட்ச்மேன் கொளஞ்சி நின்றுகொண்டிருந்தான். மேனேஜரைப் பார்த்தால் குனிந்து சலாம் போடுகிறவன், இன்றைக்குக் கையைத் தூக்கவே இல்லை.

“என்னடா? எல்லாரும் வெளிய போயாச்சா?”

“ஒருத்தரும் போவல சார். கேட்டுக்கு உள்ளாறவே உக்காந்துட்டாங்க.”

“உக்காந்துட்டாங்களா? அப்புறம் நீ எதுக்குடா இங்க வந்தே?”

“டைம் ஆபீஸ் பிரின்டர்ல பேப்பர் தீந்துபோச்சு சார், பாதிப் பேருக்கு நோட்டீஸ் கெடைக்கல.”