கனம் பார்த்து வாங்கிய கார்

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு லேசான கார் ஒன்றை மலிவாக வாங்கக் கரடி கிளம்பியது. பழைய கார் விற்கும் நரி, இரண்டே சீட்டுள்ள சிவப்புக் காரைக் காட்டியது.

கரடி அதன் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கியது. சுலபமாக வந்துவிட்டது.

"என்னய்யா இது, தகர டப்பா. இதுக்கா இந்த விலை? இரும்பு எங்கே?"

"லேசான கார்தானே கேட்டீங்க அண்ணாச்சி?"

"கார் லேசுன்னா விலையும் லேசா இருக்கணும்ல."

நரி விலையைக் குறைக்கவில்லை. கரடி காரை விட்டுவிட்டு வெளியே நடந்தது.

சிவப்புக் கார் நரியிடம் கெஞ்சியது. "இந்த மழையிலயும் இங்கேயே நனைஞ்சா துருப்பிடிச்சே போயிடுவேன். ஒரு தடவையாவது அந்தத் தடத்துல பாய்ஞ்சு ஓடணும். ஏதாவது பண்ணு."

நரி டிக்கியில் நாலு கருங்கல்லை வைத்து மூடிவிட்டு, கரடியைத் திரும்பக் கூப்பிட்டது. "இப்பத் தூக்கிப் பாருங்க."

கரடிக்கு மூச்சு வாங்கியது. "இதுதான் கார்" என்று சொல்லி, நரி கேட்ட விலையைக் கொடுத்தது.

தடத்தில் முயலின் கார் முந்தியது. ஆமையின் காரும் முந்தியது. சிவப்புக் கார் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டது. "அண்ணாச்சி, டிக்கியில கருங்கல் இருக்கு. அதை இறக்கிடுங்க, நான் பறந்து காட்டறேன்."

கரடி காரை ஓரமாக நிறுத்தியது. டிக்கியைத் திறந்து ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தது. பிறகு மூடிப் பூட்டியது.

"எல்லாம் காசு கொடுத்து வாங்கினது. ஒண்ணும் உடையாம மெதுவாவே போ."